மழையில் நனைந்த புள்: நிழற்படக் கலையும் திணை நெறியும்

நிழற்படம் எடுப்பது எளிய செயல் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. கருவி காண்கிறது; விரல் அழுத்துகிறது; படம் விழுகிறது. இதில் கலைக்கு இடம் எங்கே எனக் கேட்போரும் உளர். வெயில் காயும் முற்பகலில் வேலிக் கம்பியில் அமர்ந்திருக்கும் மைனாவைப் படம் பிடிப்பதைப் பொறுத்தவரை இக்கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால், வானம் இருண்டு, காற்றுச் சுழன்று, மழை சரிந்து பெய்யும் வேளையில் காட்டுப் பறவை ஒன்றைப் படமெடுக்க முனைவோருக்கு அந்த எளிமை கைகொடுப்பதில்லை. ஒளி குறைகிறது, வில்லையில் ஆவி படிகிறது, பறவையோ இலைக்குள் ஒடுங்குகிறது. எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த நொடிக்குக் காத்திருப்பது என முடிவு செய்தாக வேண்டும். தேர்ந்து முடிவு செய்யும் இடத்தில் கலை தொடங்குகிறது. கலை தொடங்கும் இடத்தில் திறனாய்வுக்கும் பணி உண்டு.

மின்னணுக் கருவிகள் மலிந்த இந்நாளில் மழைக்காலப் பறவைப் படங்கள் பெருகியுள்ளன. நாட்காட்டிகளிலும் இதழ்களிலும் கைப்பேசித் திரைகளிலும் அவற்றைக் காண்கிறோம். அவற்றுள் மிகப் பல கண்ணைக் கவர்கின்றன. மிகச் சிலவே நெஞ்சில் தங்குகின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? மழை நாளின் பறவைப் படத்தை எந்த அளவுகோலால் அளப்பது? இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழ் இலக்கணமும் இலக்கியமும் அத்தகைய அளவுகோல் ஒன்றை முன்னரே தந்துள்ளன. அந்த அளவுகோல் நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பெய்யும் மழைக்கும் அங்கு நனையும் பறவைக்கும் எவ்வாறு பொருந்துகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திணை தரும் அளவுகோல்

தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கமும் அதன்வழித் தோன்றும் உணர்வும் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறப்புடையன என்பது இலக்கண மரபு.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. பறவை கருப்பொருள்களுள் ஒன்றாகவே வைக்கப்பட்டது. அது தனித்து நிற்பதில்லை. முல்லைக்குக் கானக்கோழி, மருதத்துக்கு நாரை, பாலைக்குப் பருந்து எனக் கூறும்போது, அப்பறவையோடு அதன் மரமும் நீரும் பொழுதும் மக்களின் தொழிலும் உடன்வருகின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றவை அசைகின்றன.

இந்த நெறியை நிழற்படத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். தொலைவில்லை கொண்டு பறவையின் உடலை மட்டும் பெரிதாக்கி, பின்புலம் முழுவதையும் மங்கிய பச்சைப் பூச்சாக ஆக்கிவிடும் படம், கருவை மட்டும் கொண்ட படமாகும். அதில் இறகின் ஒவ்வோர் இழையும் தெரியும். ஆனால் இடம் தெரியாது, பொழுது தெரியாது. பறவையை இனங்காண உதவும் கையேட்டுக்கு அத்தகைய படம் வேண்டும். அதன் பயனை மறுப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எனினும், கையேட்டுக்குரிய தெளிவையே கலையின் முடிவாகக் கொள்வது குறைபாடு. சொற்பொருள் கூறும் அகராதி பாடலாகிவிடாது.

மழை, இக்குறைபாட்டை வெளிக்கொணரும் உரைகல்லாக அமைகிறது. மழை என்பதே பொழுது. மழை பெய்வது ஓர் இடத்தில். எனவே மழையைப் படத்துக்குள் கொண்டு வரும் கலைஞர், தாம் விரும்பினும் விரும்பாவிடினும் முதற்பொருளைக் கொண்டு வந்துவிடுகிறார். கொண்டு வந்த அதனைக் கருவோடும் உரியோடும் இணைத்தாரா, அன்றி வெறும் ஒப்பனையாகத் தூவிவிட்டாரா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நக்கீரர் காட்டிய மழை

மழையில் பறவையைக் காட்டுவது எவ்வாறு என்பதற்குப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை சிறந்த சான்று. நக்கீரர் பாடிய இந்நூல் 188 அடிகளைக் கொண்டது. அதன் தொடக்கமே மழைதான். வெள்ளத்துக்கு அஞ்சி ஆயர் மேட்டு நிலம் நாடுகின்றனர், குளிருக்கு நெருப்பில் கை காய்ச்சுகின்றனர், மாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன, மந்திகள் நடுங்குகின்றன. இக்காட்சிகளுக்கு இடையே பறவை மும்முறை வருகிறது.

முதன்முறை, மரத்தில் தங்கிய பறவைகள் குளிர் தாங்காமல் கீழே விழுகின்றன. இரண்டாம் முறை, மழையால் ஈரமான வெண்மணலில் கொக்குக் கூட்டம் நாரைகளோடு சேர்ந்து, புதுநீரில் எதிர்த்து வரும் மீன்களைக் கவர்ந்துண்கிறது. மூன்றாம் முறை, ஊருக்குள் ஒரு வீட்டின் இறவாணத்தில் ஆண்புறா ஒன்று, இரவா பகலா எனத் தெரியாமல் மயங்கி, பெடையோடு இரை தேடப் போகாமல், காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்கிறது.

மழை ஒன்று, அதை ஏற்கும் பறவைகளின் நிலை மூன்று. மரத்துப் பறவைக்கு அது துன்பம். கொக்குக்கு அது விருந்து. புறாவுக்கு அது காலக் குழப்பம். மழை என்றாலே மகிழ்ச்சி என்றோ, மழை என்றாலே சோகம் என்றோ நக்கீரர் பொதுப்படக் கூறிவிடவில்லை. எந்தப் பறவை, எந்த இடத்தில், என்ன செய்தது என்று கண்டு கூறினார். புறா காலை மாற்றி ஊன்றுவது உற்றுநோக்கியவர் மட்டுமே கூறத்தக்க செய்தி. அப்புறாவைக் காட்டிய பின்னரே புலவர் அரண்மனைக்குள் அழைத்துச் சென்று, தலைவனைப் பிரிந்து உறக்கமின்றிக் கிடக்கும் அரசியைக் காட்டுகிறார். இறவாணத்துப் புறாவின் தவிப்பு அரசியின் தவிப்புக்கு முன்னுரையாகிவிடுகிறது. முதலும் கருவும் உரியில் சென்று சேரும் முறை இதுவே.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாடலும் இவ்வகையில் கருதத்தக்கது. நாரையின் கூரிய அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்ட அவரது பார்வை, பறவையியலார் வியக்கும் அளவு நுட்பமானது. ஆயினும் அப்பாடல் அலகின் வருணனையோடு நின்றிருந்தால் மக்கள் நினைவில் இத்துணைக் காலம் வாழ்ந்திராது. ஈரம் ஊறிய சுவரையுடைய வீட்டில் பல்லியின் ஒலிக்குக் காத்திருக்கும் மனைவியும், வேற்றூரில் போர்வையின்றிக் குளிரில் ஒடுங்கும் புலவரும் அந்நாரையின் பயணத்தால் இணைக்கப்படுகின்றனர். நுட்பமான உருவம், அதைத் தாங்கும் வாழ்வு ஆகிய இரண்டும் அப்பாடலில் கூடின.

கருவியும் பொருளும்

புலவருக்குச் சொல் எவ்வாறோ அவ்வாறே நிழற்படக் கலைஞருக்கு ஒளி. மழையில் நின்று அழுத்தினால் மழை தானே படத்தில் விழுந்துவிடும் எனக் கருதுவது தவறு. வெளிறிய வானம் பின்புலமாக இருப்பின் பெருமழையும் படத்தில் மறைந்துவிடும். கரிய மரத்திரளோ குன்றோ பின்னே நின்று, ஒளி பக்கத்திலிருந்தோ எதிரிலிருந்தோ வந்தால்தான் தாரைகள் புலப்படும். ஆகவே, மழையைக் காட்ட விரும்புவோர் பறவையை மட்டுமன்றிப் பறவைக்குப் பின்னுள்ள மரத்தையும் தேர்ந்தாக வேண்டியவராகின்றனர். இயற்கையே அவரைத் திணை நெறிக்கு இழுத்து வருகிறது எனலாம்.

கருவியின் கண் திறந்திருக்கும் நேரமும் பொருளை மாற்றவல்லது. ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் துளிகள் நீண்ட கோடுகளாக விழும். காற்றின் சாய்வும் மழையின் வேகமும் அக்கோடுகளில் தெரியும். 1000இல் ஒரு பங்காகக் குறைத்தால் துளிகள் மணிகளைப் போல் அந்தரத்தில் உறைந்து நிற்கும். முன்னதில் மழை ஓர் இயக்கம். பின்னதில் மழை ஓர் அணிகலன். கோடுகளாக விழும் மழைக்கு இடையே பறவையின் உருவம் கலையாமல் தெளிவாக விழ வேண்டுமானால் அப்பறவை அசையாதிருக்க வேண்டும். பெருமழையில் பல பறவைகள் அவ்வாறுதான் இருக்கின்றன. இறகுகளை உடலோடு இறுக்கி, உடலை நிமிர்த்தி, அலகை மேல்நோக்கி உயர்த்தித் துளிகள் வழுக்கி ஓடுமாறு நிற்கின்றன. சிறுதூறலிலோ இறகைச் சிலிர்த்து வெப்பத்தைச் சேமிக்கின்றன. வாலடியிலுள்ள சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து இறகுகளில் தடவிக் கொள்வதும் நீரைத் தடுக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதியே. மழை விட்டதும் ஈசல் புறப்பட, கரிச்சானும் மைனாவும் மீன்கொத்தியும் ஓடியாடி உண்கின்றன. இவற்றை அறிந்தவரே எப்போது நீள்நேரம் திறப்பது, எப்போது குறுநேரம் திறப்பது எனத் தேர்ந்தெடுக்க முடியும். கருவியறிவு பறவையறிவைச் சார்ந்து நிற்கிறது.

ஈரம் மிகுந்த இந்நாட்டில் வில்லைக்குள் பூஞ்சணம் படர்வது வழக்கமான இடையூறு. குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை வெளியே எடுத்தவுடன் அதன் கண்ணில் ஆவி படர்வதும் அனைவரும் அறிந்ததே. இடியும் மின்னலும் மிகுந்த வேளையில் திறந்தவெளியிலும் தனிமரத்தின் அடியிலும் நிற்பது உயிருக்கே கேடு. எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது என்பதை மாணவர்க்கு முதலில் கூற வேண்டும்.

இரு கலைஞர்

இந்நெறியைச் செயலில் காண இருவரின் பணியை ஒப்பிடுதல் பயன்தரும். ஒருவர் இம்மண்ணில் பிறந்தவர், மற்றவர் தமிழ்நாட்டவர்.

லோக் வான் தோ 1915இல் கோலாலம்பூரில் பிறந்தவர். பெருஞ்செல்வர் லோக் யூவின் மகன். திரைப்படத் தொழிலில் புகழ் பெற்றவர். பறவைகளைப் படமெடுப்பதில் அவருக்கிருந்த ஈடுபாடு தொழிலுக்குக் குறைந்ததன்று. இந்தியப் பறவையியல் அறிஞர் சாலிம் அலியோடு நட்புப் பூண்டு, அவருடன் பயணங்களும் மேற்கொண்டார். அவருடைய பறவைப் படங்கள் அடங்கிய ஆங்கில நூல் 1957இல் வெளிவந்தது. 1964இல் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். மறைவிடம் அமைத்து, கூட்டருகே நெடுநேரம் காத்திருந்து, பறவை அஞ்சாத நிலையில் அதன் இயல்பைப் பதிவு செய்தல் அவர் தலைமுறையினரின் வழி. பொறுமையே அவ்வழியின் பெருமை. ஆயினும் கூட்டை நடுவாகக் கொண்ட படம் கூட்டின் எல்லைக்குள் அடங்கிவிடுவதும் உண்டு. தாயும் குஞ்சும் தெரியும். அவற்றைச் சூழ்ந்த நிலம் தெரிவது குறைவு.

மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் என்றால் தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கும். 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தா நாளேடான ஸ்டேட்ஸ்மனில் இயற்கை குறித்துத் தொடர்ந்து எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழிலும் அவர் எழுதியவை பல. பெரியசாமி தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்துக்கு உயிரினங்கள் குறித்துக் கட்டுரைகள் தந்தார். அவர் மறைவுக்குப் பின் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த தமிழ்க் கட்டுரை நூலுக்கு ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று பெயர். பருவமும் பறவையின் குரலும் ஒரே தொடரில் இணைந்து நிற்பது அவர் நோக்கையே சுட்டுகிறது.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படத்தையே விரும்பியவர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து ஒரு கருவியை உருவாக்கிப் பயன்படுத்தினார். உயிரினத்தை அதன் புதரோடும் புல்லோடும் சேர்த்துக் காட்டுவதே அவர் நாட்டம். ஒரு நாட்டின் அடையாளம் அதன் நிலத்திலும் அந்நிலத்துக்கே உரிய மரஞ்செடிகளிலும் உயிரினங்களிலும் அடங்கியுள்ளது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. இது திணைக் கோட்பாட்டின் இன்றைய வடிவம் என்றால் மிகையன்று.

எனினும் கிருஷ்ணனின் வழியை அப்படியே எங்கும் பின்பற்ற வேண்டும் என்பதும் பொருந்தாது. கறுப்பு வெள்ளையில் மேகத்தின் கனமும் ஈரப் பட்டையின் கருமையும் சிறக்கும், உண்மை. ஆனால், மழையால் உலகம் முழுதும் சாம்பல் நிறமாகிவிட்ட வேளையில் வெண்மார்பு மீன்கொத்தியின் நீல முதுகு ஒன்றே ஒளிர்வதைக் கறுப்பு வெள்ளை காட்டவல்லதன்று. அங்கு வண்ணம் ஒப்பனையன்று, செய்தி. எனவே வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பது கொள்கையன்று. படத்தின் பொருளே அதை முடிவு செய்ய வேண்டும்.

தோட்டத்து மழை

இனி நெகிரி செம்பிலானுக்கு வருவோம். இம்மாநிலத்தின் மழை எங்கும் ஒரே தன்மையுடையதன்று. மலைகளால் மறைக்கப்பட்ட ஜெலுபு, தீபகற்பத்திலேயே மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று. போர்ட்டிக்சன், லிங்கி போன்ற கடலோரப் பகுதிகளிலோ, ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள காலத்தில், சுமத்திராவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று விடியுமுன் இடியும் மழையுமாக இறங்குவதுண்டு. பருவங்கள் மாறும் இடைக்காலத்தில் பிற்பகல் இடிமழை வழக்கம்.

விடியற்காலை மழை என்பது ரப்பர்த் தோட்டத்தில் தனிப்பொருள் உடையது. குளிர்ந்த அதிகாலையில்தான் ரப்பர்ப் பால் நன்கு சுரக்கும். ஆதலால் இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, விளக்கோடு மரம் வெட்டச் செல்வது தோட்ட வழக்கமாக இருந்தது. மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் வெட்டிய கோட்டில் நில்லாமல் மரமெங்கும் பரவி வழியும். வெட்டிய பின் பெய்தாலோ மங்கிலுள்ள பால் நீரோடு கலந்து வீணாகும். நாட்கூலி முறை நிலவிய காலத்தில், மழை பெய்தால் வேலை இல்லை; வேலை இல்லையேல் கூலி இல்லை. லயத்து வீட்டுத் தாய் விடியலில் கூரைமேல் கேட்ட மழையோசையை எந்த மனநிலையில் கேட்டிருப்பாள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முல்லைத் திணையில் கார்காலம் தலைவன் திரும்பும் காலம். மழை நம்பிக்கையின் குறி. தோட்டத் திணையில் அதே மழை கூலி இழப்பின் குறி. முதற்பொருள் ஒன்றாயினும் உரிப்பொருள் வேறாகிவிட்டது. ஆகவே, தோட்டத்து மழையில் பறவையைப் படமெடுப்பவர் முல்லையின் உணர்வை இரவல் வாங்கி ஒட்டினால் அப்படம் பொய்யாகிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை எண்ணிப் பார்க்கலாம். வெட்டப்படாத ஈர மரம். கம்பி வளையத்தில் கவிழ்த்து வைக்கப்பட்ட மங்கு. அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு குண்டுக்கரிச்சான். பின்னே இருண்ட மரவரிசை. அதன் மீது சாய்ந்த மழைக் கோடுகள். இப்படத்தில் மனிதர் எவரும் இல்லை. ஆயினும் கவிழ்ந்த மங்கைக் கண்டவுடன், அன்று வேலை நடைபெறவில்லை என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர் உணர்வர். அந்த ஒரு மங்கு படத்துள் இடம்பெற்றால் முதல், கரு, உரி மூன்றும் நிறைகின்றன. பறவையை மட்டும் நெருக்கி மங்கை வெளியே தள்ளிவிட்டால் எஞ்சுவது அழகிய குண்டுக்கரிச்சான் மட்டுமே. அது சிரம்பானிலும் இருக்கலாம், சென்னையிலும் இருக்கலாம்.

ரப்பர் மரம் குறைந்து செம்பனை பெருகிய பின் தோட்டத்தின் கருப்பொருளும் மாறியது. எலிகள் செம்பனைப் பழத்தை அழிப்பதால், அவற்றைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குப் பெட்டிகள் நிறுத்திக் குடியேற்றும் முறை மலேசியத் தோட்டங்களில் பரவியது. அலறல் கேட்டால் கேடு வரும் என அஞ்சப்பட்ட பறவை, தோட்டத்தின் காவலாகிவிட்டது. இக்கூகைக்கு மழை பகை. அதன் இறகு ஓசையின்றிப் பறப்பதற்கேற்ற மென்மையுடையது. நீரைத் தடுக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. இருளில் எலியின் அரவம் கேட்டே வேட்டையாடும் அதற்கு, ஓலையில் விழும் மழையோசை செவியை அடைத்துவிடுகிறது. பெருமழை இரவில் அது பெட்டிக்குள் பசித்திருக்க நேரும். மழை பெய்தால் இரை இல்லாத பறவையும், மழை பெய்தால் கூலி இல்லாத மனிதரும் ஒரே நிலத்தில் வாழ்ந்தனர் என்பதைக் காட்டும் படம், நெடுநல்வாடைப் புறாவுக்கு அருகில் வைக்கத்தக்கதாகும்.

கடல் கடந்த பருந்து

போர்ட்டிக்சனுக்கு அருகே, நீரிணைக்குள் நீண்டு நிற்கும் முனை தஞ்சோங் துவான். நிலத்தால் நெகிரி செம்பிலானை ஒட்டியிருப்பினும் ஆட்சியால் மலாக்காவைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சிறப்பாக மார்ச்சுத் திங்களில், தேன்பருந்து முதலிய கொன்றுண்ணிப் பறவைகள் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து இம்முனையில் கரையேறி வடக்கு நோக்கிச் செல்கின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இங்குப் பருந்து காணும் விழாவை நடத்தத் தொடங்கியது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்விடும் பருவமும் ஏறத்தாழ இதுவே.

பருந்து வெயிலால் எழும் வெப்பக் காற்றில் ஏறி, சிறகசைக்காமல் மிதந்து செல்வது. கடல்மேல் அத்தகைய காற்றெழுச்சி மிகக் குறைவு. ஆகவே சிறகடித்தே கடக்க வேண்டியுள்ளது. களைத்த பறவைகள் கரையை நெருங்கும்போது தாழ்ந்து வருகின்றன. மழை பிடித்துக்கொண்டால் மேலே ஏற வழியின்றி மரங்களில் அடைந்து, வெயில் வரும்வரை காத்திருக்கின்றன. இங்குக் கூடுவோர் பலரும் நீல வானில் வட்டமிடும் பருந்தையே படமெடுக்க விரும்புவர். மழை வந்தால் கருவியை உறையிலிட்டுப் புறப்பட்டுவிடுவர். ஆனால், கடல் கடந்து வந்த களைப்போடு, இறகு கனத்து, கிளையில் குறுகி அமர்ந்திருக்கும் பருந்தே அப்பயணத்தின் விலையை உரைப்பது.

பருந்தைப் பாலைக்குரிய புள்ளாக நம் முன்னோர் வைத்தனர். பாலையின் உரிப்பொருள் பிரிவு. வங்கக் கடலைக் கடந்து வந்து, இம்மாநிலத்தின் தோட்டங்களில் குடியமர்ந்தோரின் வழித்தோன்றல்கள், கடல் கடந்து வந்து ஈர மரத்தில் ஒடுங்கிய அப்பறவையின் படத்தைக் காணும்போது, தங்கள் முன்னோரின் முதல் மழை நாளை நினைத்தல் இயல்பு. மழையும் கடலும் படத்தில் இடம்பெறாவிடில் அந்நினைவு எழ இடமில்லை.

தவிர்க்க வேண்டிய பிழைகள்

மழைக்காலப் பறவைப் படங்களில் காணப்படும் பிழைகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, ஒப்பனைப் பிழை. இறகின் நுனியில் நிற்கும் ஒரு துளியையே படத்தின் பொருளாக்கி, பறவையை அத்துளியைத் தாங்கும் தட்டாக மாற்றிவிடுதல் இது. தெளிப்பானால் நீர் தூவி மழையென்று காட்டும் வழக்கமும் இதன் பாற்படும். பெய்யாத மழையைக் காட்டுவது காணாததைக் கண்டதாகக் கூறுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, அறப்பிழை. கூடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை மறைத்த இலைகளை ஒடித்துவிடுவோர் உளர். அவ்விலைகளே குஞ்சுகளின் கூரை. மழையில் அடைகாக்கும் தாயைக் கலைத்து எழுப்பினால், முட்டையும் குஞ்சும் குளிரில் விறைத்து அழியக்கூடும். பார்ப்போர் வியக்கும் படம் ஒன்று, அது எடுக்கப்பட்ட விதத்தாலேயே தகுதியிழக்கலாம். பாடலின் பொருளுக்குப் புலவர் பொறுப்பாவது போல, படம் பிறந்த முறைக்கும் கலைஞர் பொறுப்பாவார்.

மூன்றாவது, இரவல் பிழை. இது படத்தில் மட்டுமன்றி எழுத்திலும் மலிந்துள்ளது. ‘மழை நாள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், மேகம் கண்டு மயில் தோகை விரித்து ஆடியது என மாணவர் எழுதுவது வழக்கம். இத்தீபகற்பத்தின் காடுகளில் வாழ்ந்த பச்சைமயில் சென்ற நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று. காணாத மயிலை ஆடவிட்ட மாணவர், பள்ளியின் கால்வாயோரம் மழை விட்டதும் வெளிவந்து ஓடிய கானாங்கோழியைக் கண்டும் எழுதவில்லை. அதற்குக் காரணம் மாணவரின் கண் அன்று. அப்பறவையின் பெயர் தமிழில் அவருக்குத் தெரியாமை. ‘ருவாக் ருவாக்’ என்னும் மலாய்ப் பெயரை அவர் அறிவார். அது இந்நாட்டுப் பெயர், அறிய வேண்டியதும்கூட. ஆயின் தமிழ்ப் பெயரும் உடன் நின்றால்தான் அப்பறவை தமிழ்க் கட்டுரைக்குள் நுழைய முடியும்.

ஆசிரியர் கையில் உள்ள பணி

நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் சுருங்கி வருகின்றன. நீலாய், செண்டாயான் போன்ற வட்டாரங்களில் மரங்கள் நின்ற நிலத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. லயங்கள் மறைந்த பல இடங்களில், அங்கு எந்த மரம் நின்றது, எந்தப் பறவை அமர்ந்தது, மழை பெய்தால் மக்கள் என்ன செய்தனர் என்பவற்றை அறிந்தவர் முதியவர் மட்டுமே. அவர்களுக்குப் பின் அவ்வறிவு எங்கே தங்கும் என்பதே இப்பொருளின் உள்ளீடான கேள்வி.

இதற்கு விலையுயர்ந்த கருவி இன்றியமையாததன்று. பள்ளி நடைகூடத்தில் நின்று, ஒரு சாதாரணக் கருவியாலோ ஆசிரியரின் கைப்பேசியாலோ மழை நாளின் பறவை ஒன்றைப் படமெடுக்கலாம். படம் மங்கலாக இருப்பினும் குற்றமில்லை. அதன் கீழ் மூன்று குறிப்புகள் எழுதப்பட வேண்டும். ஒன்று, இடமும் நாளும் பொழுதும் மழையின் தன்மையும். இரண்டு, பறவையின் தமிழ்ப் பெயரும் மலாய்ப் பெயரும், அது அமர்ந்த மரமும், அது செய்த செயலும். மூன்று, அந்த மழையால் வீட்டிலும் ஊரிலும் என்ன நிகழ்ந்தது என்பதும், இதே மழை தோட்டத்தில் என்ன செய்தது எனப் பாட்டனோ பாட்டியோ கூறியதும். முதல், கரு, உரி என்னும் மூன்றையும் மாணவர் மனப்பாடம் செய்யாமலே கற்றுக்கொள்வர். அகத்திணை என்பது தேர்வுக்குரிய பட்டியல் என்ற எண்ணம் நீங்கி, அது காணும் முறை என்ற தெளிவு பிறக்கும்.

நக்கீரர் கையில் கருவி இல்லை; மழையில் கால் மாற்றி ஊன்றிய புறாவை அவர் கண்ணால் மட்டுமே கண்டார். அவர் கண்டதனால் அப்புறா இன்றும் அந்த இறவாணத்தில் நிற்கிறது. கவிழ்ந்த மங்கின்மேல் நனைந்து நின்ற தோட்டத்துப் புள்ளுக்கும் அத்தகைய வாழ்வு கிட்ட வேண்டும். அதைக் காணும் கண்ணையும் அழைக்கும் பெயரையும் மாணவர்க்குத் தருவது தமிழாசிரியரின் கடமையாகும்.